வேங்கட மலையில் ஒரு பழைய கடற்கரை

திருமலைக்கு நடந்து ஏறிவிட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் நேரத்தைச் சொல்வார்கள். பிறகு படிக்கணக்கு: அலிபிரி வழியில் 3,550, ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388. அப்புறம் முழங்கால் வலி, பிறகு தரிசனத்துக்கு நின்ற வரிசை. மலை எப்படி இருந்தது என்று சொல்பவர் அபூர்வம். வேண்டுதலோடு ஏறுகிறவருக்குப் படிதான் முக்கியம், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அதே படியில் அதே கோவிந்தா கோஷத்தோடு, கண்ணையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது என் கட்சி.

கண்ணுக்கு ஒரே ஒரு செய்தி தெரிந்தால் போதும், மீதி தானாக விளங்கும். திருமலையின் மேல்பாகம் ஒரு காலத்தில் நீர்க்கரை மணல். நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆழமில்லாத கடலின் ஓரத்தில் அலை கொண்டுவந்து பரப்பிய மணல், அடுக்கடுக்காக அமுங்கி இறுகிப் பாறையாயிற்று. புவியியலாளர்கள் இதற்கு வைத்த பெயர் நகரி குவார்ட்சைட். நம் நகரிதான், புத்தூருக்குப் பக்கத்து ஊர். அந்தக் கரையில் நண்டு கிடையாது, சிப்பி கிடையாது, ஒரு புல் கிடையாது. அன்று உலகில் இருந்த உயிர் ஏறக்குறைய எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. அதனால் பாறையில் எலும்பும் ஓடும் தேடாதீர்கள். அலையைத் தேடுங்கள்.

பாடம் ரயிலிலேயே தொடங்கிவிடுகிறது. சென்னையிலிருந்து சப்தகிரியில் போகிறவர்கள் திருத்தணி தாண்டியதும் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம். ஏகாம்பரகுப்பம், புத்தூர் வழியெல்லாம் நகரி மலைகள் கூடவே வரும். அடிவாரம் சரிவாக, புதர் மூடி இருக்கும். உச்சிக்குக் கீழே மட்டும் செங்குத்தாக வெட்டிவிட்டாற்போல ஒரு பாறைச் சுவர் ஓடும். இந்தத் தொடரில் மூக்குப் போலத் துருத்திக்கொண்டிருக்கும் சிகரத்தை வெள்ளைக்காரர்கள் 'நகரி மூக்கு' என்றார்கள். தெளிவான நாளில் அது கடலிலிருந்தே தெரியும் என்பதால் சோழமண்டலக் கரையோரம் கப்பல் ஓட்டியவர்களுக்கு அது ஓர் அடையாளம்.

திருப்பதி ஊருக்குள் இறங்கியதும் அதே வடிவத்தை இன்னும் பெரிதாகப் பார்க்கலாம். விடுதி மொட்டை மாடிக்குப் போங்கள். காலை ஏழு மணி வெயில் நல்லது, மாலை ஐந்து மணி வெயில் அதைவிட நல்லது. சாய்ந்த வெளிச்சத்தில் மேல் சுவர் செம்மஞ்சளாக எரியும், கீழ்ச்சரிவு மங்கலாக நிற்கும். சரிவும் சுவரும் சேரும் கோட்டை விரலால் காற்றில் வரைந்து பாருங்கள். கோட்டுக்குக் கீழே கிரானைட், மேலே மணற்கரை. கீழ்ப்பாறை உருவாகி, வெளியே வந்து, வெயிலிலும் மழையிலும் தேய்ந்து தட்டையான பிறகே மேலே மணல் படிந்தது. நடுவில் ஏறக்குறைய 80 கோடி ஆண்டுகளுக்கு எந்தப் பதிவும் இல்லை. புத்தகத்தில் பக்கங்கள் கிழிந்துபோன இடம் அது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. மலைச்சாலை ஓரத்தில் அந்தச் சேர்க்கையைக் கண்ணாலேயே பார்க்கலாம். நடந்து ஏறுங்கள், பேருந்தில் இறங்குங்கள், இறங்கும்போது பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னலுக்குச் சண்டை போடாமல் மலைப்பக்கத்து ஜன்னலில் உட்காருங்கள் என்பது என் சிபாரிசு.

ஒரு பாதி நாள் கூடுதலாக இருந்தால் முதலில் சந்திரகிரி போய்விடுவது நல்லது. அங்கே இருப்பது கிரானைட் மட்டும்தான்: குண்டு குண்டாக உருண்ட பாறை, அதன் மேல் கோட்டை. விஜயநகரத்தின் கடைசி நாட்களில் தலைநகராக இருந்த ஊர் இது. 1639இல் சென்னையில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயருக்கு இடம் கிடைத்தபோது சந்திரகிரி அரசரின் ஆட்சிதான் நடந்தது. ராஜமகால் அருங்காட்சியகத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்து ஒரு துண்டுப் பாறையைக் கையில் எடுங்கள். வெள்ளை, கண்ணாடி நிறம், கறுப்பு என்று மூன்று விதப் புள்ளிகள் தெரியும். பிறகு திருமலை ஏறும்போது வழியில் உடைந்து கிடக்கும் கல்லை எடுத்துப் பாருங்கள். புள்ளி இல்லை. உடைந்த முகம் கற்கண்டு மாதிரி ஒரே சீராக மினுக்கும். இந்த இரண்டு கல்லையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டால் சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் எந்த மலையையும் தூரத்திலிருந்தே இனம் காணலாம். கல்லைக் கீழே போட்டுவிட்டு நடங்கள், பையில் போட வேண்டாம்.

இனி அலிபிரி. ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அதிகாலை இருட்டில் தொடங்குவது உத்தமம். அடிவாரத்தில் பாதால மண்டபத்தில் சுவாமியின் பாதுகைகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றி வருகிறவர்களைப் பார்ப்பீர்கள். கொஞ்சம் மேலே தலயேறு குண்டு. தலையையும் முழங்காலையும் அதில் முட்டிக்கொண்டால் ஏறும்போது வலி வராது என்பது நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் முட்டியே அந்தப் பாறையில் பள்ளம் விழுந்திருக்கிறது. ஒரு மலையை அலை தேய்க்கிறது, காற்று தேய்க்கிறது, நெற்றியும் தேய்க்கிறது. அங்கே நின்று யாராவது முட்டுவதைப் பார்த்துவிட்டுப் போனால் மேலே காணப்போகும் பாறைத் தேய்மானங்கள் எல்லாம் வேறு மாதிரி தெரியும்.

இங்கிருந்து காலி கோபுரம் வரை உள்ள ஏற்றம்தான் கடினம். பலர் இங்கேதான் வேகம் காட்டி மூச்சு வாங்குவார்கள். மெதுவாகப் போவதற்கு நல்ல வழி, படிக்கு மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டு போகும் பெண்களுக்குப் பின்னால் நடப்பது. ஒவ்வொரு படியாக அவர்கள் குனிந்து நிமிர்வார்கள். முந்திப் போகாதீர்கள். அந்த வேகத்தில் போனால்தான் பக்கத்துப் பாறை கண்ணில் படும். பாதையின் பெரும்பகுதிக்கு மேலே கூரை போட்டிருக்கிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் நல்லது, ரசனைக்குக் கெடுதல். கூரை விட்டுப்போகும் இடங்களில் நின்று பக்கவாட்டில் எட்டிப் பாருங்கள். உருண்டைப் பாறைகள் குறைந்து, அடுக்கி வைத்த பலகை போன்ற பாளங்கள் தோன்ற ஆரம்பித்தால் நீங்கள் கிரானைட்டைக் கீழே விட்டுவிட்டு மணற்கரைக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சில பாளங்களில் அடுக்குகள் கிடையாக இல்லாமல் சாய்ந்து கீறியிருக்கும். நீரோட்டம் மணலைத் தள்ளிய திசை அது. அதிர்ஷ்டம் இருந்தால் பாளத்தின் மேல்முகத்தில் வரிவரியாக அலைத்தடமும் கிடைக்கும், மெரினாவில் தண்ணீர் வடிந்த ஈர மணலில் இருப்பதே போல.

காலி கோபுரத்தில் இட்லி, தோசை, டீ. கீழே திருப்பதியின் விளக்குகள். சங்கு, சக்கரம், நாமம் என்று இரவில் ஊரிலிருந்து பார்க்கும் பெரிய மின்விளக்கு அலங்காரம் இந்தப் பக்கத்தில்தான். பொழுது விடிகிற நேரத்துக்கு இங்கே வந்து சேர்ந்தால் கிழக்கே சமவெளி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவதைப் பார்க்கலாம். இதற்கு மேல் நெடுந்தூரத்துக்குப் பாதை ஏறக்குறைய சமமாகப் போகிறது. தசாவதாரச் சிலைகள், மான் பூங்கா, மோர், வெள்ளரிப்பிஞ்சு, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய். நன்னாரி சர்பத் கிடைத்தால் விடாதீர்கள், ராயலசீமையில் அதைக் குடிப்பதற்கென்றே ஒரு தாகம் வரும். ஓரிடத்தில் பாதை மலைச்சாலையை ஒட்டிப் போகும், பேருந்துப் புகை வரும். இந்தச் சாலைக்குப் பெரிய வயதில்லை. விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனையில் அமைத்து 1944 ஏப்ரலில் திறந்தது. அதுவரை பணக்காரருக்கு டோலி, மற்ற எல்லோருக்கும் கால்.

பிறகு மோக்காள மெட்டு. முழங்கால் தொட ஏறும் செங்குத்துப் படிகள். காலால் மிதிக்க மனம் வராமல் ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பது வைணவ மரபு. சிறுவனாக வந்த அன்னமாச்சாரியார் செருப்புக் காலோடு ஏறிக் களைத்து இந்தப் பக்கம்தான் மயங்கி விழுந்தார், கனவில் அலமேலு மங்கை வந்து மலை முழுவதும் சாளக்கிராமம், செருப்பைக் கழற்று என்றாள் என்பது தெலுங்கர்கள் சொல்லும் கதை. பக்தி இல்லாதவர்களுக்கும் நான் வெறுங்காலைத்தான் சொல்வேன். கூரைக்குக் கீழே குளிர்ந்த கல், கூரை விலகியதும் சுடும் கல், மழை ஓடி வழுவழுத்த விளிம்பு, புதிதாகப் போட்ட சொரசொரப்பு எல்லாம் காலுக்குத்தான் தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது.

ஸ்ரீவாரி மெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்ரீநிவாச மங்காபுரம் பக்கமிருந்து கிளம்பும், 2 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், பகலில் மட்டும் போகும் வழி. கிருஷ்ணதேவராயர் சந்திரகிரியிலிருந்து இந்த வழியாகவே ஏறினார் என்கிறார்கள். கடையும் கூட்டமும் குறைவு, செங்குத்து அதிகம், காடு கிட்டத்தில். 2021 நவம்பர் மழையில் வெள்ளம் படிகளிலேயே புகுந்து பாறைகளை உருட்டிவிட்டது, சீர் செய்து அடுத்த ஆண்டு மே மாதம்தான் திறந்தார்கள். மலை இன்னும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மேலே போனதும் எல்லோரும் சிலாதோரணத்துக்கு ஜீப்பில் வருவார்கள், வேலிக்கு வெளியே நின்று படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். இயற்கையாக அமைந்த கல் வளைவு. அகலம் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர் அளவில் இருக்கும். பெரிய அளவு இல்லை, அதனால் சிலருக்கு ஏமாற்றம். வளைவை விட்டுவிட்டு அதன் இரண்டு கால்களைப் பாருங்கள். கடினமான அடுக்கும் மெலிந்த அடுக்கும் மாறி மாறி வந்திருக்கும். மெலிந்ததை நீரும் காற்றும் அரித்துத் தின்றன, கடினமானது மேலே பாலமாக நின்றுவிட்டது. அலிபிரியில் நீங்கள் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தால் இதில் ஆச்சரியம் குறையும், சந்தோஷம் கூடும். பூங்காவும் சிமெண்டுத் தரையும் இல்லாமல் அதை விட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

இதே பாறை இடுக்குகளில், தண்ணீர் கசியும் இருட்டான இடங்களில், ஒரு பல்லி இருக்கிறது. ஆணின் உடல் தங்க நிறம். மதராஸ் மாகாணக் காட்டிலாகாவில் பெரிய பதவியில் இருந்த கர்னல் பெடோம் 1870இல் இந்தத் திருப்பதி மலைகளிலிருந்துதான் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். பிறகு நூறாண்டுக்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1980களில் திரும்பவும் இங்கேயே கண்டார்கள். காஞ்சி வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வருகிற நமக்கு, உயிருள்ள தங்கப் பல்லி பக்கத்து மலையில் இருப்பது தெரியாமல் போனது வேடிக்கைதான். இரவில்தான் நடமாடும், குரல் பெரிது. நீங்கள் பார்ப்பது கடினம். பார்க்க முயலவும் வேண்டாம், டார்ச் அடித்து இடுக்கைத் துழாவினால் அது இடம் பெயரும்.

தீர்த்தங்களைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பாடத்தின் நடுப்பகுதியே விட்டுப்போகும். குவார்ட்சைட் தன் உடம்பு வழியாகத் தண்ணீரை விடாது. ஆனால் அதில் விரிசல்கள் நீளநீளமாக, நேர்கோட்டில் ஓடும். மழை அந்த விரிசல்களில் இறங்கும், பள்ளத்தாக்கு அந்த விரிசல் வழியே வெட்டுப்படும், பாறைச் சுவர் முடியுமிடத்தில் அருவியாக விழும். கபில தீர்த்தம் ஊரின் ஓரத்தில் விழுவதற்கும் ஆகாச கங்கை மேலே கசிவதற்கும் இதுதான் காரணம். பாபவிநாசத்திலிருந்து தினமும் தண்ணீர் சுமந்து வந்த திருமலை நம்பிக்கு, வேடனாக வந்த பெருமாள் அருகிலேயே ஆகாச கங்கையைக் காட்டினார் என்பது புராணம். எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தால் அந்தக் கதையின் அருமை புரியும்.

இவற்றில் மகுடம் தும்புரு தீர்த்தம். ஆண்டு முழுவதும் காட்டுப் பாதை மூடியிருக்கும். பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி மட்டும் திறப்பார்கள். அதேபோல ராமகிருஷ்ண தீர்த்தத்துக்குத் தைப் பௌர்ணமி, குமாரதாராவுக்கு மாசிப் பௌர்ணமி. இந்த நாட்களைத் தெலுங்கில் முக்கோட்டி என்கிறார்கள். பாபவிநாசம் அணைப் பக்கம் தொடங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் போக வேண்டும். தேவஸ்தானம் வழியில் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கிறது. தும்புருவின் கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் உயர்ந்த பாறைச் சுவர், நடுவில் குறுகிய பிளவு, அதில் முழங்கால், இடுப்பு அளவுத் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். மலை இரண்டாகப் பிளந்த இடம் என்றே சொல்லலாம். அங்கே மேலே பார்க்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே போங்கள். வலப்பக்கச் சுவரின் அடுக்கும் இடப்பக்கச் சுவரின் அடுக்கும் ஒன்றுக்கொன்று நேராக வருவதைக் கவனிக்கலாம்.

மரங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, பெடோமின் பெயரையே தாங்கிய சைகஸ். குட்டை ஈச்சமரம் போலத் தோன்றும், ஆனால் ஈச்சைக்கு உறவில்லை; பூக்கும் தாவரங்கள் வருவதற்கு முன்பே இருந்த குலம். இந்த மலைகளையும் சுற்றுப்புறத்தையும் விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. மற்றது செம்மரம். பட்டை கறுத்து, முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். பெரும்பாலும் மும்மூன்று சிற்றிலை. வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும். கல்லும் வறட்சியும் உள்ள இந்தச் சரிவுகளில் மெதுவாக வளர்வதால்தான் அந்த வைரம். அதன் விலை தமிழ்நாட்டு வீடுகளுக்குள் சாவாக வந்ததும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று இந்த மலைத்தொடரின் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள் என்றது காவல்துறை, பிடித்து வைத்துக் கொன்றார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். இந்தக் காட்டின் அழகைப் பேசுகிற தமிழ்க் கட்டுரை இதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது.

திருமலைக்கு வெளியே என்றால் தலக்கோனா. 270 அடி உயர அருவி, கீழே சித்தேஸ்வரர் கோயில், மரத்துக்கு மரம் தாவிய யானைத்தடிக் கொடிகள். அருவிக்கு எதிரே நின்றால் பாளம் பாளமாக மணற்கரை முழுவதும் குறுக்குவெட்டாகத் தெரியும், திருமலையில் துண்டு துண்டாகப் பார்த்ததெல்லாம் அங்கே ஒரே சுவரில் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான நாகலாபுரமும் தடா அருவியும் இதே பாறைதான். அந்தக் குட்டைகள் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். ஆழம் தெரியாமல் குதித்து அங்கே உயிரை விட்டவர்கள் ஏராளம், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். குளிக்காமலும் ரசிக்கலாம். சித்தூர், பலமநேர், மதனப்பள்ளிப் பக்கம் போனால் காட்சி மாறிவிடும்: திரும்பவும் கிரானைட் குண்டுகள். ஹார்ஸ்லி ஹில்ஸில் காலையில் பாறைச் சரிவுப் புதர்களைப் பொறுமையாகப் பார்த்தால் மஞ்சள்தொண்டைச் சின்னானைக் காணலாம். தென்னிந்தியப் பாறை மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. பலமநேரிலிருந்து குப்பம் போகும் வழியில் கைகல் அருவி. அது கௌண்டின்யா யானைக் காட்டுப் பக்கம் என்பதால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

எப்போது போவது? வடகிழக்குப் பருவமழைதான் இங்கே முக்கிய மழை. அதனால் அருவிக்கு நவம்பர் இறுதி முதல் ஜனவரி வரை, நடைக்கு அதே காலமும் பிப்ரவரியும். ஏப்ரல், மே வேண்டாம், பாறை வெயிலை வாங்கி இரவிலும் திருப்பித் தரும். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் எந்த ஓடைப் பக்கமும் வேண்டாம். அலிபிரியில் மூட்டையைக் கொடுத்தால் இலவசமாக மேலே கொண்டுவந்து தருகிறார்கள், அதனால் கையில் தண்ணீரும் துண்டும் போதும். சிறுத்தை பயம் உண்மையானது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமி இறந்த பிறகு நேரக் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தார்கள், குழந்தைகளுக்கு இன்னும் கடுமையாக. அவை அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தோடு போங்கள், பிள்ளைகளை முன்னே ஓட விடாதீர்கள். இந்த மலைக்காடுகள் அடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், அதுவும் செம்மரக் காட்டில் காரணம் சொல்லி மீள்வது எளிதல்ல. தலக்கோனாவுக்கும் நாகலாபுரத்துக்கும் அந்தந்த வாரம் வனத்துறை விடுகிறதா என்று உள்ளூரில் கேட்டுவிட்டே வண்டி பிடியுங்கள். சில மாதம் விடுவார்கள், சில மாதம் கேட்டை மூடிவிடுவார்கள்.